கணினி ஆய்வகத்தில் ஒரு பாடவேளை: பாட ஆசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி கணினி ஆசிரியருக்காக எழுதப்பட்டதல்ல. கணக்கோ அறிவியலோ நடத்துகிற ஒருவர், மாதத்தில் ஓரிரு பாடவேளையாவது மாணவரைக் கணினி ஆய்வகத்துக்கு அழைத்துப் போய்த் தம் பாடத்தை நடத்த நினைத்தால், எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை இங்கே சொல்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை பிடித்துக்கொள்வோம்: தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வரும் முக்கோணத்தின் செங்கோட்டு மையம். அதாவது, ஒவ்வொரு முனையிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக வரையும் மூன்று குத்துக்கோடுகளும் சந்திக்கும் புள்ளி. மென்பொருள், ஜியோஜீப்ரா. உங்கள் பாடம் வேறாக இருக்கலாம். படிகளின் வரிசை அதேதான்.

அந்த வரிசையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஆய்வகத்தின் சாவி கையில் கிடைத்ததும் மாணவரை உட்கார வைத்து, கணினியைப் போடச் சொல்லி, அதன் பிறகு பாடத்தை விளக்கத் தொடங்குகிறார்கள். திரை ஒளிர்ந்த பிறகு எந்தப் பிள்ளையும் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பதில்லை.

தேவையானவை

ஜியோஜீப்ரா நிறுவிய கணினிகள், மூன்று பேருக்கு ஒன்றாவது. நீங்களே தயாரித்த ஒரு கோப்பு. ஆளுக்கு அரைத்தாளில் ஒரு செயல்தாள். பேனா, அளவுகோல். புரொஜெக்டர் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. இணைய இணைப்பு தேவையில்லை. அது வேண்டாதபடி திட்டமிடுவதே பாதுகாப்பு.

1. கேள்வியை முடிவு செய்யுங்கள்

கணினியைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "செங்கோட்டு மையத்தை அறிதல்" என்பது பாடக்குறிப்பு மொழி, கேள்வி ஆகாது. "முக்கோணத்தின் வடிவம் மாறினால் செங்கோட்டு மையம் எங்கே போகும்?" என்பது கேள்வி.

இந்தக் கேள்விக்குக் கணினி உண்மையிலேயே வேண்டுமா என்று அடுத்ததாகப் பாருங்கள். காகிதத்தில் கவராயம் வைத்துச் செங்கோட்டு மையம் வரைய ஒரு மாணவருக்குப் பத்து நிமிடமாவது ஆகும். ஒரு பாடவேளையில் ஒரு முக்கோணம், மிஞ்சினால் இரண்டு. அதுவும் பெரும்பாலும் குறுங்கோண முக்கோணமாகவே இருக்கும், ஏனென்றால் கை இயல்பாக அதைத்தான் வரைகிறது. மையம் உள்ளே விழும். "செங்கோட்டு மையம் முக்கோணத்துக்குள் இருக்கும்" என்று பிள்ளை மனத்தில் பதித்துக்கொள்ளும். கணினியில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஒரு நிமிடத்தில் நூறு முக்கோணங்கள் வந்து போகும். கரும்பலகையால் இதைச் செய்ய முடியாது. ஆகவே இங்கே கணினி வேண்டும்.

மாறாக, கோணச் சமவெட்டி வரையும் முறையைக் கற்பிக்க ஆய்வகத்துக்குப் போவது வீண். அது கைக்குப் பழக வேண்டிய வேலை. அதுபோலவே, பாடப்புத்தகப் பக்கங்களைப் படமாக்கித் திரையில் ஓட்டுவதற்கு ஆய்வகம் எதற்கு? புத்தகம் மடியிலேயே இருக்கிறதே.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்: நகர்வது, மிகச் சிறியது அல்லது மிகப் பெரியது, பல முறை திரும்பச் செய்ய வேண்டியது, செய்து பார்த்தால் ஆபத்தானது. இவற்றில் ஒன்றாவது பொருந்தினால்தான் ஆய்வகம்.

2. கருவியைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி முடிவான பிறகு கருவி தேடுவது எளிது. வடிவியலுக்கும் வரைபடங்களுக்கும் ஜியோஜீப்ரா போதும். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். பழைய கணினிகளுக்கு ஜியோஜீப்ரா கிளாசிக் 5 பதிப்பை நான் விரும்புகிறேன். ஒரு முறை நிறுவிவிட்டால் இணையம் கேட்காது. மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு.

அறிவியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகங்கள், அதாவது சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் மென்பொருள்கள். இப்போதைய உருவகம் ஒவ்வொன்றும் ஒரே கோப்பாகப் பதிவிறங்கும். உலாவியில் திறந்தால் இணையம் இல்லாமலே ஓடும். பலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பும் கிடைக்கிறது. ஆனால் பள்ளி அலமாரியில் கிடக்கும் பழைய குறுந்தகடுகளை நம்பி இறங்காதீர்கள். அவற்றில் பல, அசைபடங்களுக்கான ஃபிளாஷ் என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. உலாவிகள் அதை இனி ஓட்டாது.

சமச்சீர்க் கல்விப் பாடநூல்களில் "இணையச் செயல்பாடு" என்ற பகுதி இருக்கும். கணக்குப் புத்தகத்தில் அது பெரும்பாலும் ஜியோஜீப்ரா பக்கத்துக்குத்தான் கொண்டுபோகும். வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பழக நல்லது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் அந்த இணைப்பைத் திறக்கச் சொன்னால், சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தைப் பார்த்தபடியே பாடவேளை முடியும்.

3. முன்தினம் ஆய்வகத்துக்குத் தனியாகப் போங்கள்

தவறாமல் செய்ய வேண்டிய படி இது. பெரும்பாலோர் தாண்டிவிடும் படியும் இதுதான். ஒரு கணினியை மட்டும் போட்டுப் பார்த்து "எல்லாம் வேலை செய்கிறது" என்று திரும்பிவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏன் முன்தினம்? விடுமுறைக்குப் பிறகு முதன்முறை போடப்படும் கணினி, விண்டோஸ் புதுப்பிப்பைத் தொடங்கி, "அணைக்க வேண்டாம்" என்று அரை மணி நேரம் அடம் பிடிக்கும். அந்த அரை மணி நேரம் உங்கள் மாலையில் போகட்டும்; பிள்ளைகளின் பாடவேளையில் வேண்டாம்.

பார்க்க வேண்டியவை: கடவுச்சொல் கேட்கிறதா, கேட்டால் அது யாருக்குத் தெரியும்? மவுஸ் நகர்கிறதா? கண்ணாடி மேசையிலும் வழவழப்பான பலகையிலும் ஒளி மவுஸ் சரியாக நகராது. கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினால் தீர்ந்தது. தேதி சரியாக இருக்கிறதா? மதர்போர்டில் இருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்துபோனால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அப்போது எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று மிரட்டும். குற்றம் இணையத்தின் மேல் விழும், உண்மையில் வேண்டியது சிறிய விலையில் ஒரு மின்கலம்.

யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும் என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம்தான் என்றால் மின்வெட்டுக்கு மாற்றுத் திட்டம் வேண்டும். அது படி 10-இல் வருகிறது.

அடுத்து, உங்கள் கோப்பை (செய்யும் முறை படி 4-இல் வருகிறது; அதை இதற்கு முன்பே செய்து முடித்திருங்கள்) எல்லாக் கணினிகளிலும் ஒரே இடத்தில், ஒரே பெயரில் வையுங்கள். முகப்புத் திரையில் "ஒன்பது-கணக்கு" என்று ஓர் உறையும் (ஃபோல்டர்) அதற்குள் ஒரே ஒரு கோப்பும் போதும். "டி டிரைவில் போய், அதற்குள் நான்காவது உறையில்" என்று வழி சொல்லத் தொடங்கினால் பத்து நிமிடம் கரையும்.

பென் டிரைவில் கொண்டுபோவதென்றால் முதலில் அதை வைரஸ் சோதனை செய்யுங்கள். பொதுக் கணினிகளில் புழங்கிய பென் டிரைவ் ஆய்வகம் முழுவதற்கும் நோயைப் பரப்பிவிடும். உறைகள் எல்லாம் குறுக்குவழிப் படங்களாக மாறிக் கிடந்தால் அறிகுறி அதுதான்.

கோப்பின் பண்புகளில் "படிக்க மட்டும்" என்பதைக் குறியிட்டுவிடுங்கள். இல்லையென்றால் முதல் பிரிவு மாணவர் சிதைத்துச் சேமித்த முக்கோணத்தோடுதான் இரண்டாம் பிரிவு பாடத்தைத் தொடங்கும்.

ஆய்வகத்தை முன்பதிவு செய்வதையும் இந்த நேரத்திலேயே முடித்துவிடுங்கள். இணையவழித் தேர்வு, விவரப் பதிவேற்றம் என்று ஆய்வகத்துக்கு வேறு வேலைகள் திடீரென்று வந்து சேரும். தலைமையாசிரியரிடமும் ஆய்வகப் பொறுப்பாளரிடமும் நாளையும் பாடவேளையையும் எழுத்தில் கொடுத்துவிடுவது உத்தமம்.

4. கோப்பை நீங்களே செய்யுங்கள்

இணையத்தில் ஆயத்தக் கோப்புகள் நிறைய உண்டு. அவற்றில் பொத்தான்களும் நிறங்களும் அசைவுகளும் கொட்டிக் கிடக்கும். உங்கள் ஒரே கேள்விக்கு அவை இடைஞ்சல். நீங்களே செய்தால் மாணவர் எங்கே சிக்குவார்கள் என்பதும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அச்சுகளையும் இயற்கணிதச் சாளரத்தையும் மறையுங்கள். பலகோணக் கருவியை எடுத்து மூன்று இடங்களில் சொடுக்கி, நான்காவதாக முதல் புள்ளியிலேயே மறுபடியும் சொடுக்குங்கள். இந்தக் கடைசிச் சொடுக்கை விட்டுவிட்டால் முக்கோணம் மூடாது. மவுஸ் போகும் இடமெல்லாம் கோடு இழுபட்டு வரும்.

அடுத்தது செங்குத்துக் கோட்டுக் கருவி. ஒரு முனையைச் சொடுக்கி, அதற்கு எதிர்ப்பக்கத்தைச் சொடுக்குங்கள். முக்கோணத்தின் உள்பரப்பில் சொடுக்கினால் கோடு வராது, பக்கத்தின் மேலேயே சொடுக்க வேண்டும். மூன்று முனைகளுக்கும் இப்படியே.

பலர் இங்கே கண்ணளவில் கோடு போட்டுவிடுகிறார்கள். பார்வைக்குச் செங்குத்தாகவே தெரியும். முனையை இழுத்த மறுகணம் குட்டு வெளிப்படும்: முக்கோணம் ஒரு பக்கம் போகும், கோடு பழைய இடத்திலேயே நிற்கும். வெட்டும் புள்ளியிலும் இதே தவறு நடக்கிறது. மூன்று கோடுகளும் சந்திக்கும் இடத்தில் சாதாரணப் புள்ளி ஒன்றை வைத்துவிடுவார்கள். அது அந்த இடத்தில் தற்செயலாக உட்கார்ந்திருக்கும் புள்ளி, வெட்டும் புள்ளி ஆகாது. வெட்டும் புள்ளிக்கென்று உள்ள கருவியை எடுத்து இரண்டு கோடுகளையும் சொடுக்கிப் பெற வேண்டும்.

ஆகவே கோப்பைச் சேமிக்கும் முன் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முனையையும் திரையின் மூலை வரை இழுத்துப் பார்த்து, மூன்று கோடுகளும் புள்ளியும் கூடவே வந்தால்தான் கோப்பு தேறியது.

குத்துக்கோடுகளைக் கோட்டுத்துண்டாக வரையாமல் முழுக் கோடாகவே விடுங்கள். விரிகோண முக்கோணத்தில் மையம் வெளியே போகும்போது துண்டுகள் சந்திக்காது, புள்ளி மறைந்துவிடும். "மையமே இல்லை" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். முழுக் கோடாக இருந்தால் வெளியே சந்திப்பது கண்ணெதிரே தெரியும்.

கோணங்களையும் காட்டுங்கள். ஜியோஜீப்ரா கோணத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அளக்கும். புள்ளிகளைத் தவறான வரிசையில் சொடுக்கினால் 60 பாகை இருக்க வேண்டிய இடத்தில் 300 பாகை வரும். வரிசை சரியாக இருந்தாலும் மாணவர் ஒரு முனையை எதிர்ப்பக்கத்துக்கு அப்பால் இழுத்துவிட்டால் கோணம் புரண்டுவிடும். கோணத்தின் பண்புகளில் 0 முதல் 180 பாகைக்குள் என்று வரம்பு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னும் ஒன்று. கோணங்களை இரண்டு தசம இடங்களுக்குக் காட்டினால், சில வேளைகளில் மூன்றின் கூடுதல் 180.01 என்றோ 179.99 என்றோ வரும். எல்லா வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது அதைக் கூட்டிப் பார்த்துக் கேட்கும். முழுமையாக்கலால் வரும் பிழை என்று விளக்கலாம், நல்ல கேள்விதான். ஆனால் இன்றைய கேள்வி அது இல்லை என்றால் வேறொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். தசம இடங்களைக் குறைத்தாலும் இந்தப் பிழை போகாது.

கடைசியாக, கட்டங்களைத் தெரியும்படி வையுங்கள். காரணம் செங்கோண முக்கோணம். கட்டம் இல்லாமல் இழுத்தால் 89.6, 90.3 என்று அலையுமே தவிரச் சரியாக 90 பாகையில் நிற்காது. மையமும் முனைக்கு "பக்கத்தில்" இருப்பதாகத்தான் தோன்றும். கட்டம் இருந்தால் புள்ளி கட்ட மூலையில் ஒட்டிக்கொள்ளும். செங்கோணம் அமைந்ததும் மையம் முனையின் மேலேயே போய் அமரும். இந்தப் பாடத்தின் உயிரே அந்தக் கணம்தான்.

எழுத்தின் அளவைப் பெரிதாக்கிச் சேமியுங்கள். மூன்று பேர் பார்க்கும் திரையில் ஓரத்துப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

5. செயல்தாளைச் சுருக்கமாக எழுதுங்கள்

அரைத்தாள் போதும். ஒரு அட்டவணை, மூன்று வரிசைகள்: குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம். நான்கு பத்திகள்: முக்கோண வகை, என் கணிப்பு, திரையில் கண்டது, ஏன். அட்டவணைக்குக் கீழே ஒரே ஒரு திறந்த கேள்வி: "மையம் சரியாக முனையின் மேல் வரும்படி செய்ய முடியுமா? எப்போது?"

மென்பொருள் வழிமுறைகளைச் செயல்தாளில் எழுதாதீர்கள். "முதலில் இதைச் சொடுக்கு, பிறகு அதைச் சொடுக்கு" என்று இருபது வரி எழுதினால் மாணவர் அந்த இருபது வரியை நிறைவேற்றுவார்கள். முக்கோணத்தைப் பார்க்க மாட்டார்கள். நம் கோப்பில் அவர்கள் செய்ய வேண்டியது முனையை இழுப்பது மட்டும். அதற்கு வழிமுறை தேவையில்லை.

தட்டச்சு செய்யும்போது ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் திறக்கும். எப்படி இருந்தாலும் அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது நல்லது.

6. யார் யாரோடு உட்காருவது என்பதை வகுப்பறையிலேயே முடியுங்கள்

ஆய்வகத்து வாசலில் போய்ப் பிரித்தால் ஓட்டப்பந்தயம் நடக்கும். வகுப்பிலேயே பெயர் வாசித்து, கணினி எண்ணைச் செயல்தாளின் மூலையில் எழுதச் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள்.

ஒரு கணினிக்கு இருவர் சிறப்பு. மூவர் சமாளிக்கலாம். நால்வர் என்றால் நான்காமவர் வேடிக்கைதான் பார்ப்பார். அதற்குப் பதிலாக வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி வகுப்பறையில் கவராயத்தால் வரைய, மறுபாதி ஆய்வகத்தில் இருக்கும்படி வேறொரு ஆசிரியர் உதவியுடன் செய்யலாம்.

வேலைகளைப் பிரியுங்கள். ஒருவர் மவுஸ் பிடிப்பவர், மற்றவர் எழுதுபவர். மூன்றாமவர் எந்த முனையை எங்கே இழுக்க வேண்டும் என்று சொல்பவர். மவுஸ் பிடிப்பவர் அவர் சொன்னதை மட்டும்தான் செய்யலாம். பாதி நேரத்தில் நீங்கள் கை தட்டியதும் வேலைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் வீட்டில் கணினி உள்ள பிள்ளையின் கையிலேயே கடைசி வரை மவுஸ் இருக்கும். மாணவரும் மாணவியரும் கலந்து அமரும் குழுக்களில் பெண் பிள்ளைகளுக்கு எழுதும் வேலையே நிரந்தரமாகிவிடுவதையும் கவனித்திருக்கிறேன்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவரைத் திரைக்கு நேர் எதிரே அமர்த்துங்கள். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகும். அதை முன்பே அவருக்குக் காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

7. திரை ஒளிரும் முன் தாளில் கணிப்பு

40 நிமிடப் பாடவேளையை நான் இப்படிப் பிரிக்கிறேன்: வந்து உட்கார 5, கணிப்புக்கு 7, கணினிக்கு 15, பேச்சுக்கு 8, எழுதிக் கிளம்ப 5. கணினிக்கு 15 நிமிடம்தானா என்று கேட்பார்கள். போதும், கேள்வி ஒன்றாக இருந்தால்.

கணினிகள் முன்பே போடப்பட்டு, மானிட்டர்கள் மட்டும் அணைந்திருக்கட்டும். மாணவர் வந்ததும் செயல்தாளின் "என் கணிப்பு" பத்தியை மட்டும் நிரப்ப வேண்டும். கரும்பலகையில் மூன்று முக்கோணங்கள் வரைந்து, "ஒவ்வொன்றிலும் மையம் எங்கே இருக்கும்? ஒரு புள்ளி வையுங்கள்" என்று சொல்லுங்கள். பேனாவால் எழுத வேண்டும், பென்சில் வேண்டாம். திரையைப் பார்த்த பிறகு அழித்துத் திருத்திவிடுவார்கள்.

ஏன் இந்தப் படி? கணித்துவிட்டுப் பார்க்கிற பிள்ளை தன் விடையைச் சோதிக்கிறது. கணிக்காமல் பார்க்கிற பிள்ளைக்குத் திரையில் வருவது எல்லாமே "ஆமாம், அப்படித்தான்" என்று தோன்றும். மின்சுற்றுப் பாடத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். தொடர் சுற்றில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் இருந்தால் எது மங்கலாக எரியும் என்று முதலில் தாளில் கேளுங்கள். மின்னோட்டத்தை முதல் பல்பே பாதி தின்றுவிடும், இரண்டாவது மங்கும் என்று கணிசமானோர் எழுதுவார்கள். ஃபெட் உருவகத்தில் இரண்டும் ஒரே அளவில் எரிவதைப் பார்க்கும்போது அவர்கள் முகம் மாறும். கணிப்பு எழுதாமல் நேரே காட்டியிருந்தால் யார் முகமும் மாறாது.

கணிப்பு தவறானால் மதிப்பெண் குறையாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள்.

8. பதினைந்து நிமிடம்: இழுத்துப் பார்த்தல்

மானிட்டரை மட்டும் போடச் சொல்லுங்கள். "மானிட்டரின் பொத்தான்" என்று தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சிலர் கணினிப் பெட்டியின் பொத்தானை அழுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அணைத்துவிடுவார்கள். மடிக்கணினிகள் என்றால் மூடியைப் பாதி சாய்த்து வையுங்கள். முழுதாக மூடினால் அவை உறங்கிப்போய், எழுப்பக் கடவுச்சொல் கேட்கும்.

முதல் இரண்டு நிமிடம் எதுவும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் தாறுமாறாக இழுப்பார்கள், முக்கோணத்தை ஊசி போல ஆக்குவார்கள், சிரிப்பார்கள். இதைத் தடுத்தால் பாடம் முழுக்க ஒளித்து ஒளித்து அதையே செய்வார்கள். ஆசை தீரட்டும், அதற்குப் பிறகு அட்டவணைக்கு வரச் சொல்லுங்கள்.

அடிக்கடி வரும் குரல், "முக்கோணத்தைக் காணவில்லை, சார்". முனைக்குப் பதிலாக வெற்றிடத்தைப் பிடித்து இழுத்ததால் முழுப் பலகையும் நகர்ந்து போயிருக்கும். வெற்றிடத்தில் வலப்புறச் சொடுக்குச் செய்து இயல்பு நோக்குக்குத் திரும்பலாம். அதற்கும் வரவில்லையென்றால் கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு மறுபடியும் திறந்தால் போதும். "படிக்க மட்டும்" என்று குறியிட்டு வைத்ததன் பயன் இங்கே தெரியும்.

இந்த நேரத்தில் ஆசிரியர் எங்கே இருக்க வேண்டும்? மாணவரின் முதுகுப் பக்கம். முன்னால் நின்றால் உங்களுக்குத் தெரிவது மானிட்டர்களின் பின்பக்கமும் பிள்ளைகளின் நெற்றியும்தான். பின்னால் நடந்தால் எல்லாத் திரைகளும் ஒரே பார்வையில் கிடைக்கும். வேயான் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் எல்லாத் திரைகளையும் உங்கள் கணினியிலேயே பார்க்கவும் பூட்டவும் முடியும். வலையமைப்புச் சரியாக உள்ள ஆய்வகத்துக்கு அது நல்ல வசதி. ஆனாலும் நடப்பதை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் உங்கள் திரையில் தெரியாது.

மவுஸை மாணவர் கையிலிருந்து வாங்காதீர்கள். புதிய ஆசிரியர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு இதுதான். ஒரு பிள்ளை தடுமாறினால் குனிந்து, மவுஸை வாங்கி, இரண்டு நொடியில் செய்து காட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். பிள்ளை எதையும் கற்கவில்லை. சும்மா இருந்தால் சார் வந்து செய்துவிடுவார் என்பதைத் தவிர. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் வழி சொல்லுங்கள்.

சீக்கிரம் முடித்துவிடும் குழுக்கள் இருக்கும். அவர்களுக்குத் தனியே ஒரு சவால் கையில் இருக்கட்டும்: "இரு சமபக்க முக்கோணம் அமைத்து, மேல்முனையை மட்டும் மேலும் கீழும் இழு. மையம் எந்தப் பாதையில் போகிறது?" அது சமச்சீர்க் கோட்டின் மேலேயே ஏறி இறங்குவதைக் கண்டுபிடிக்கட்டும். இப்படி ஒன்று இல்லாவிட்டால் ஐந்தே நிமிடத்தில் அந்தக் கணினியில் விளையாட்டு ஓடும்.

9. திரையை அணைத்துவிட்டுப் பேசுங்கள்

பதினைந்தாம் நிமிடம் மானிட்டர்கள் அணைய வேண்டும். முணுமுணுப்பு எழும், விட்டுக்கொடுக்காதீர்கள். திரை எரிய எரியப் பேசினால் நீங்கள் பேசுவது காற்றோடுதான்.

"எங்கே இருந்தது?" என்ற கேள்விக்கு எல்லாருக்கும் விடை தெரியும்: குறுங்கோணத்தில் உள்ளே, செங்கோணத்தில் செங்கோண முனையில், விரிகோணத்தில் வெளியே. அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு "ஏன்?" என்பதற்கு வாருங்கள். செங்கோண முக்கோணத்தில் இரண்டு பக்கங்களே குத்துக்கோடுகளாக அமைந்துவிடுகின்றன. அவை சந்திப்பது அந்த முனையில், ஆகவே மையமும் அங்கேயே. இதை ஒரு மாணவர் வாயிலிருந்து வரவழைக்க மூன்று நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருங்கள். கணினி காட்டும், நிரூபிக்காது; அந்த வேலை இந்த எட்டு நிமிடத்தில்தான் நடக்க வேண்டும்.

தவறாகக் கணித்த ஒருவரைத் தம் கணிப்பையும், அது ஏன் சரியாகத் தோன்றியது என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். சிரிப்பு வந்தால் முதலில் அடக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

பிறகு "ஏன்" பத்தியைச் சொந்த வாக்கியத்தில் எழுதச் சொல்லிச் செயல்தாள்களை வாங்கிவிடுங்கள். வீட்டில் எழுதி வரட்டும் என்று விட்டால் மறுநாள் நாற்பது தாளிலும் ஒரே வாக்கியம் இருக்கும்.

10. மின்சாரம் போனால்

கணிப்புக்கு முன் போனால் கவலையில்லை, தாள் வேலை நடக்கட்டும். நடுவில் போனால் திரும்ப வரும் வரை காத்திருக்காமல், அதுவரை கண்டதை எழுதச் சொல்லிவிட்டு, விரிகோண முக்கோணத்தைக் கரும்பலகையில் நீங்களே வரைந்து முடியுங்கள். கணினிகள் மறுபடியும் எழுந்து வருவதற்குள் பாடவேளை போய்விடும். முன்கூட்டியே வரைந்து வைத்த ஒரு விரிகோணப் படம் பையில் இருந்தால் நல்லது.

11. மறுநாள் வகுப்பறையில்

ஆய்வகப் பாடம் ஆய்வகத்திலேயே முடிந்துவிட்டால் அது ஒரு சுற்றுலாவாக நின்றுவிடும். மறுநாள் கணினி இல்லாமல், வகுப்பறையில், பத்து நிமிடத்துக்கு மூன்று கேள்விகள் கொடுங்கள்.

ஒன்று: ஒரு முக்கோணத்தின் செங்கோட்டு மையம் முனை பி-யிலேயே இருக்கிறது, கோணம் பி எவ்வளவு? இரண்டு: பக்கங்கள் 6, 8, 10 செ.மீ. உள்ள முக்கோணத்தின் செங்கோட்டு மையம் எங்கே? வரையாமல் சொல்ல வேண்டும். பிதாகரஸ் தேற்றத்தால் செங்கோணம் என்று கண்டு, 6-உம் 8-உம் சந்திக்கும் முனையைக் காட்டுகிறவருக்குப் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்று: ஒரு விரிகோண முக்கோணம் வரைந்து, கவராயத்தால் அதன் செங்கோட்டு மையத்தைக் காண்க.

மூன்றாவது கேள்வியில்தான் வேறுபாடு தெரியும். குத்துக்கோடு வரைய எதிர்ப்பக்கத்தை நீட்ட வேண்டும் என்பது பலருக்குத் தோன்றாது. முக்கோணத்துக்குள்ளேயே எப்படியாவது ஒரு புள்ளியைப் பிடித்துவிடப் பார்ப்பார்கள். திரையில் முழுக் கோடுகள் வெளியே போய்ச் சந்தித்ததைப் பார்த்தவர்கள் அளவுகோலை எடுத்துப் பக்கத்தை நீட்டுகிறார்களா என்று கவனியுங்கள். நீட்டாதவர்களின் செயல்தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், "ஏன்" பத்தி பெரும்பாலும் காலியாகவோ பக்கத்தில் இருப்பவரின் வாக்கியமாகவோ இருக்கும். அவர்களை மறுபடியும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. அருகில் உட்கார வைத்து, ஒரே ஒரு பக்கத்தை நீட்டிக் காட்டி, மீதி இரண்டையும் அவர்களையே செய்யச் சொன்னால் போதும்.

12. ஒரே ஒரு கணினி இருந்தால்

ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் மட்டும் உள்ள பள்ளிகளிலும் இதே வரிசை பொருந்தும். படி 8 மட்டும் மாறும். மவுஸை ஒரு மாணவரிடம் கொடுங்கள், நீங்கள் பிடிக்க வேண்டாம். இழுக்கும் முன் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, "உள்ளே என்பவர்கள் கை தூக்குங்கள், வெளியே என்பவர்கள் தூக்குங்கள்" என்று வகுப்பைக் கேட்டுவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு முக்கோணங்கள் ஆனதும் மவுஸ் பிடிப்பவரை மாற்றுங்கள். முன்பெஞ்சுக்காரர்களையே அழைக்காமல், இந்த முறை கணிப்புத் தவறியவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

சன்னல் வெளிச்சத்தில் திரை தெரியவில்லையென்றால் கோடுகளின் தடிப்பைக் கூட்டி, பின்புலத்தை வெள்ளையாகவே விடுங்கள். வெளிர் நிறங்கள் புரொஜெக்டரில் காணாமலே போகும், கறுப்பும் அடர்நீலமும் நிற்கும்.

எந்த முறையில் நடத்தினாலும் பாடம் முடிந்த அன்றே, பழுதான கணினிகளின் எண்ணையும் பழுதையும் ஒரு தாளில் எழுதி ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த முன்பதிவுக்குள் அவற்றில் பாதியாவது சரியாகியிருக்கும்.